பூச்சியம் எந்த இடத்தில்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூடக் கிடையாது. மாரியில் ஓடிக் கோடையில் காணாமற்போகும் வழுக்கையாற்றை ஆறு என்று சொல்வதில் கொஞ்சம் ஊர்ப்பற்றும் கலந்திருக்கிறது. குடிப்பது, குளிப்பது, வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைப்பது எல்லாம் கிணற்றை நம்பித்தான். கிணற்றுக்குக் கீழே மயோசின் காலத்துச் சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகளுக்குள்ளும் பொந்துகளுக்குள்ளும் இறங்கும் மழைநீர், அடியில் ஊறியிருக்கும் கடல்நீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. புத்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழம் போகப்போக உவர் என்பதைப் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் போன பிள்ளையும் அறியும்.

இந்த மிதப்புக்கு ஒரு கணக்கு இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டு முடிந்து 20ஆம் நூற்றாண்டு தொடங்கும் காலத்தில் கைபன், ஹேர்ஸ்பேர்க் என்ற இரண்டு ஐரோப்பியர்கள் தனித்தனியே கண்டது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். கடல்நீர் நன்னீரைவிடச் சிறிதளவே பாரமானது. அந்தச் சிறிய வித்தியாசம்தான் 40 மடங்காக விரிகிறது. பொந்தும் வெடிப்புமான எங்கள் கல்லில் இந்தக் கணக்கு அச்சொட்டாகப் பொருந்தாது என்றாலும், போக்கு அதுதான். மேலே ஓர் அடி இறங்கினால் கீழே 40 அடி போய்விடும். ஆகவே இங்கே யாராவது கிணற்றுக்குள் ஒரு கருவியை இறக்கிவிட்டு, நேற்றைக்கு இன்று மட்டம் 25 சென்ரிமீற்றர் ஏறியிருக்கிறது என்று சொன்னால், கேட்டுவிட்டுப் பேசாமல் போக முடியாது. அந்த 25 சென்ரிமீற்றர், கணக்கில் 10 மீற்றர் தடிப்புள்ள நன்னீராகிவிடும்.

2022இல் அப்படி ஒன்று சொல்லப்பட்டது. அந்த வருடம் மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. எரிபொருளுக்கு வரிசை. எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் பல இறைப்பு மெசின்கள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. எண்ணெய் இல்லாமல் அவை படுத்துவிட்டன. தோட்டக்காரருக்கு அது வயிற்றிலடி. நிலத்தடி நீரைப் படிப்பவருக்கோ விரும்பினாலும் ஏற்பாடு செய்ய முடியாத பரிசோதனை. காலங்காலமாக இறைத்துவந்த நிலப்பரப்பில் இறைப்பு திடீரெனக் குறைந்தால் கிணறு எப்படி நடந்துகொள்ளும்?

வலிகாமம் கிழக்கில், செம்பாட்டுத் தோட்டமொன்றின் கிணற்றில், ஒரு மாணவர் அந்த நேரம் நீர்மட்டத்தைப் பதியும் லொகர் பூட்டியிருந்தார். உயர்தரத்தில் என்னிடம் பௌதிகவியல் படித்தவர். வரைபு விசர்க்கூத்து ஆடத் தொடங்கியதும் என்னைக் கூப்பிட்டார்.

கருவி எளிமையானது. கிணற்றின் அடியில் அமுக்க உணரி. மேலே தண்ணீர் இல்லாவிட்டால் 4 மில்லியம்பியர், 10 மீற்றர் தண்ணீர் நின்றால் 20 மில்லியம்பியர் மின்னோட்டம் தரும். அது 250 ஓம் தடையொன்றினூடாகப் பாயும்போது 1 வோல்ற் முதல் 5 வோல்ற் வரையான அழுத்த வித்தியாசமாக மாறும். லொகர் அதை இலக்கமாக்கி எழுதிவைக்கும். நான்கு வோல்ற்றுக்குள் 10 மீற்றர் அடங்குவதால், 0.1 வோல்ற் என்றால் 25 சென்ரிமீற்றர். மெசின் கொட்டிலுக்குள் 12 வோல்ற் பற்றறி. அதற்குச் சார்ஜ் கொடுக்கச் சுவரிலிருந்து ஓர் அடப்டர்.

வரைபில் நீர்மட்டம் செங்குத்தாக ஏறியது, சில மணித்தியாலம் அப்படியே நின்றது, பிறகு செங்குத்தாக இறங்கியது. ஒவ்வொரு நாளும் இதே கதை. தண்ணீர் அப்படி நடக்காது. மழை பெய்தாலும் இறைத்தாலும் அதன் ஏற்ற இறக்கத்துக்கு ஒரு வளைவு உண்டு. தோட்டக்கார ஐயா வரைபைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, கிணத்திலை தண்ணி ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. நான் காலமையும் கயிறு விட்டுப் பாத்தனான்."

பிழை லொகர்ப் பெட்டியில்தான் என்று மாணவர் முடிவெடுத்திருந்தார். பெட்டியில் வெளியீட்டு முனையும் ஒன்று இருந்தது. இத்தனை வோல்ற் என்று கட்டளையிட்டால் அதைத் தரும். 2.5 வோல்ற் தரச்சொல்லி, அதையே ஒரு வயரால் உள்ளீட்டு முனையில் கொடுத்துப் பார்த்திருக்கிறார். 2.50 என்று வந்தது. பெட்டி சரி என்பதற்கு இதைத்தான் ஆதாரமாகக் காட்டினார். வேலிக்கு ஓணான் சாட்சி. வெளியே அனுப்பும்போது எந்த அளவுகோலை வைத்து 2.5 என்றதோ, உள்ளே வாங்கும்போதும் அதே அளவுகோலை வைத்துத்தான் பெட்டி அளக்கிறது. அளவுகோல் குறுகியிருந்தால் இரண்டு பக்கமும் ஒரே அளவு குறுகும். விடை பிசகாமல் வரும்.

மூன்றாவது சாட்சியாக மல்ரிமீற்றரை எடுத்தோம். மீற்றரையும் விசாரிக்க வேண்டும். மலிவான மீற்றர்களில் உள்ளேயிருக்கும் 9 வோல்ற் பற்றறி இறங்கினால் வாசிப்பு உண்மையைவிடக் கூடிவிடும். குறையும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். புதுப் பற்றறி போட்டு, கடையிலிருந்து வாங்கிய புதிய உலர்கலம் ஒன்றை அளந்து பார்த்தால் 1.6 வோல்ற்றுக்குக் கிட்ட வந்தது. அப்படித்தான் வரவேண்டும். பிறகு பெட்டியின் வெளியீட்டில் மீற்றரை வைத்தால் 2.41.

0.09 வோல்ற் எங்கே போனது? அந்தப் பெட்டி தனக்கு வரும் 5 வோல்ற் ஊட்டலையே அளவுகோலாக வைத்திருக்கும் வகை. ஊட்டலை அளந்தால் 4.82. கணக்கு உடனே அவிழ்ந்தது, 4.82இல் பாதி 2.41. பெட்டி தனக்கு 5 கிடைக்கிறது என்று நம்பி, அந்த நம்பிக்கையைப் பங்குபோட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. இளைஞர்கள் வாங்கும் ஆர்டுயினோ போன்ற மலிவுப் பலகைகளிலும் இதுதான் வழமை. 5 வோல்ற்றை 1024 படிகளாகப் பிரிக்கிறோம் என்று சொல்லித்தருவார்கள். அந்த 5 உண்மையில் 5தானா என்று பார்க்கச் சொல்லித்தருவோர் குறைவு. அதே பலகையில் வெளியீடு என்று வருவது நிலையான வோல்ற்றேஜ்கூட இல்லை. விநாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை 0க்கும் 5க்கும் இடையே அடித்துத் தரும் துடிப்பு. சராசரிதான் 2.5.

வெளியீட்டில் இன்னொரு வழக்கமான வில்லங்கமும் உண்டு. சும்மா அளந்தால் 5 வோல்ற் காட்டும். ஒரு றிலேயைக் கொண்டுபோய்ப் பூட்டினால் பொத்தென்று விழும். 5 வோல்ற் றிலே ஒன்று 70 மில்லியம்பியருக்குக் கிட்டக் கேட்கும். இத்தகைய பெட்டிகளின் வெளியீட்டு முனை சில மில்லியம்பியர்தான் தாங்கும். உயர்தர ஆய்வுகூடத்தில் அழுத்தமானிக் கம்பியின் மேல் தொடுசாவியை நகர்த்தி, கல்வனோமானி முள் அசையாத இடத்தைத் தேடிய எவருக்கும் இது புதிதாக இருக்கக்கூடாது. வோல்ற்றுமானி தான் அளக்கும் கலத்திலிருந்து கொஞ்சம் மின்னோட்டத்தைக் குடித்துவிடுகிறது. அகத் தடை இருப்பதால் கலத்தின் வோல்ற்றேஜ் அந்த அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஒன்றும் குடிக்காமல் அளக்கத்தான் அழுத்தமானி. பரீட்சைக்கு அதை எல்லோரும் எழுதினார்கள். எழுதியதைப் பெட்டிக்கு முன்னால் நினைவுக்குக் கொண்டுவருபவர்கள் சிலர்தான். எங்கள் கல்வியைப் பற்றி எனக்கு இருக்கும் பெரிய மனக்குறைகளில் இது ஒன்று.

ஊட்டல் குறைந்திருந்தது வரைபு முழுவதையும் ஒரே விகிதத்தில் ஊதிக்காட்டியது. ஆனால் அந்தச் செங்குத்துப் படிகளுக்கு அது காரணம் ஆகாது. படிகளை அவிழ்த்தவர் மாணவர்தான். மின்வெட்டு நேர அட்டவணையைப் பகுதி எழுத்து வாரியாக அப்போது வெளியிட்டுவந்தார்கள் அல்லவா? அதை எடுத்து வரைபின் மேல் வைத்துப் பார்த்தார். படி இறங்கிய ஒவ்வொரு இடத்திலும் கறண்ட் நின்றிருந்தது. ஏறிய இடத்தில் வந்திருந்தது. ஊட்டலின் ஊதலைக் கழித்துவிட்டால், கறண்ட் இல்லாத மணித்தியாலங்களில் மட்டும் லொகர் ஐயாவின் கயிற்றோடு ஒத்துப்போனது.

பிறகு கொட்டிலுக்குள் குனிந்து தேடுவதுதான் மிச்சம். உணரியின் தடையிலிருந்து திரும்பி வரும் வயர், பற்றறியின் எதிர்முனைக் கிளிப்பில் இருந்தது. அந்தக் கிளிப்பிலிருந்து ஒரு மெல்லிய கறுப்பு வயர் லொகருக்கும் அடப்டருக்கும் பொதுவாக ஓடியது. கிளிப்பைப் பார்த்தால் பச்சை பூத்திருந்தது. கடற்காற்றோடு உரமூட்டைகளும் அடுக்கியிருந்த கொட்டில். கறண்ட் இருக்கும்போது பற்றறிக்குப் போகும் சார்ஜ் மின்னோட்டம் இந்தக் கறுப்பு வயரின் வழியாகத்தான் திரும்ப வேண்டும். வயரும் பூத்த கிளிப்பும் சேர்ந்து ஓர் ஓமில் ஐந்தில் ஒரு பங்குத் தடை என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை அம்பியர் பாய்ந்தால் 0.1 வோல்ற். லொகர் தன்னுடைய பூச்சியத்தை அந்த வயரின் ஒரு முனையில் வைத்திருக்கிறது. உணரியின் பூச்சியம் மறுமுனையில். இரண்டுக்கும் நடுவே 0.1 வோல்ற் ஒளிந்திருந்தது. கிணற்றில் அது 25 சென்ரிமீற்றர் தண்ணீராகக் கணக்கில் ஏறியது. உணரி பொய் சொல்லவில்லை. பெட்டியும் தனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னது.

வோல்ற்றேஜ் எப்போதும் இரண்டு இடங்களுக்கு இடையே உள்ள கதை. பேச்சில் நாங்கள் ஒன்றை விழுங்கிவிடுகிறோம்: இந்த முனையில் 5 வோல்ற், அந்த முனையில் 12 வோல்ற். எதிலிருந்து என்று கேட்பதில்லை. அளவு பிழைத்தால் சிவப்பு வயரைத்தான் தடவுகிறோம், கறுப்பு வயரை விட்டுவிடுகிறோம்.

கறுப்பு வயரை நன்றாக அறிந்த ஒரு தலைமுறை யாழ்ப்பாணத்தில் இருந்தது. 1990 ஜனவரி முதலாம் திகதி உலகம் வோல்ற்றை அளக்கப் புதிய முறையொன்றுக்கு மாறியது. அதற்கு முன் 1911 முதல் ஆய்வுகூடங்களில் கண்ணாடிக்குள் அடைத்த வெஸ்ரன் கலம் என்ற ஒரு கலம்தான் நியமமாக இருந்துவந்தது. அதன் வோல்ற்றேஜ் 1.018 அளவில். 1962இல் பிரையன் ஜோசப்சன் என்ற 22 வயது மாணவர் கேம்பிரிட்ஜில் இருந்து முன்னுரைத்த விளைவு அந்த இடத்தைப் பிடித்தது. பூச்சியத்துக்குக் கீழ் 269 பாகை செல்சியசுக்குக் குளிரவைத்த மிகைகடத்திச் சந்தியொன்றில் நுண்ணலையைச் செலுத்தினால், அலையின் அதிர்வெண்ணே வோல்ற்றைச் சொல்லிவிடும். உலகின் எந்த மூலையில் செய்தாலும் ஒரே விடை. அதே 1990இன் ஜூனில் மறுபடியும் போர் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் கறண்ட் நின்றது; வருடக்கணக்கில் வரவேயில்லை. பற்றறி தடைசெய்யப்பட்ட பொருளானது. உலகத்துக்கு வோல்ற் அசைக்க முடியாத நியமமான வருடத்தில், எங்களுக்கு அது சைக்கிள் டைனமோவில் இருந்து சுற்றி எடுக்கவேண்டிய ஒன்றானது.

சைக்கிளைக் கவிழ்த்து வைப்பார்கள். ஒருவர் பெடலைக் கையால் சுற்றுவார். சில்லோடு உரசும் டைனமோ 6 வோல்ற், 3 வாற்று, அதுவும் ஆடலோட்டம். டையோட்டுகளால் அதை நேராக்கி, ஒரு கொள்ளளவியால் மட்டமாக்கி, றேடியோவின் பற்றறிக் குழிக்குள் வயர் நுழைப்பார்கள். பீபீசி தமிழோசையும் வெரித்தாசும் அப்படித்தான் வந்தன. செய்தி வாசிப்பவரின் குரல் சுற்றுபவரின் களைப்புக்கு ஏற்ப ஏறியிறங்கும். களைத்தவரைத் தள்ளிவிட்டு அடுத்தவர் குந்துவார். வெளியீடு ஆடினால் ஆளை மாற்றுவது. இப்படி ஒரு பராமரிப்பு முறை எந்தக் கைநூலிலும் இருக்காது.

அந்த டைனமோவில் இருந்து பெரும்பாலும் ஒரே ஒரு வயர்தான் வெளியே வரும். மற்றது எங்கே? சைக்கிளின் இரும்புச் சட்டம்தான் மற்றது. மின்னோட்டம் வயரால் போய்ச் சட்டத்தால் திரும்புகிறது. டைனமோவைப் பூட்டும் பிடியில் ஒரு கூரான திருகாணி இருக்கும். பெயின்றைக் குத்திக்கொண்டு இரும்பைத் தொடுவதற்காகவே வைத்தது. சைக்கிளுக்குப் புதுப் பெயின்ற் அடித்தவர்கள் அன்றிரவு லைற் எரியாமல் வயரை ஆட்டுவார்கள், பல்பைக் கழற்றி ஊதிப் பூட்டுவார்கள், டைனமோவைக் குறை சொல்வார்கள். விசயம் தெரிந்த பெடியன் ஒருவன் வந்து திருகாணிக்குக் கீழே சுரண்டிவிட்டுப் போவான். பூச்சியம் எந்த இடத்தில் என்று அவனுக்குத் தெரியும்.

தோட்டத்துக் கொட்டிலுக்குத் திரும்புகிறேன். கிளிப்பைச் சுரண்டி, உணரிக்குத் தனித் திரும்புவயர் போட்டதும் படிகள் மறைந்தன. ஆனால் வரைபில் ஒரு சிதறல் மிஞ்சியது. மாணவர் தன் மடிக்கணினியைச் சுவர்ச் சார்ஜரோடு சேர்த்து லொகரில் பூட்டும்போது புள்ளிகள் இரண்டு பக்கமும் தெறித்தன. சார்ஜரைக் கழற்றினால் அடங்கிவிடும். கணினியின் உலோக விளிம்பில் புறங்கையை வைத்தால் மெல்லிய விறுவிறுப்பு. மீற்றரை ஆடலோட்டத்துக்குத் திருப்பி, விளிம்புக்கும் கிணற்றடி ஈரமண்ணுக்கும் நடுவே அளந்தால் நூறு வோல்ற்றுக்குக் கிட்ட. பயப்பட வேண்டியதில்லை, இத்தகைய சார்ஜர்களுக்குள் இருக்கும் சிறு கொள்ளளவிகளினூடாகக் கசிந்து வருவது, 230 வோல்ற்றில் ஏறத்தாழப் பாதியாய் மிதந்துகொண்டு நிற்கும். வலு கிடையாது, தொட்டால் கரைந்துவிடும். ஆனால் வோல்ற்றில் ஆயிரத்தில் ஒரு பங்கைத் தேடும் கருவிக்கு அது போதும். சார்ஜர் பிளக்கின் மூன்றாவது ஊசி உண்மையாகவே புவியில் இறங்கியிருந்தால் அந்தக் கசிவு அந்த வழியாலேயே போய்விடும். இங்கே கிணற்றுத் தண்ணீருக்குள் கிடக்கும் உணரிதான் புவிக்குப் போகும் நல்ல வழியாக இருந்தது. கசிவு அளக்கும் வயரினூடாகவே போய்க்கொண்டிருந்தது.

வயரிங் வேலை செய்யும் அண்ணை ஒருவரை ஐயா கூட்டிவந்தார். அவர் பெட்டியைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே கொட்டிலின் பின்புறம் போய், பச்சை வயரைப் பிடித்து இழுத்தார். எர்த் றொட் கையோடு ஆடியது. "எர்த் வயர் இருக்கு தம்பி. எர்த் தான் இல்லை."

இலங்கையில் மின் வழங்குநர் வீட்டுக்குத் தருவது உயிர்க்கம்பியும் நொதுமற்கம்பியும். புவித்தொடுப்பு அவரவர் வளவில் அவரவர் போட்டுக்கொள்ள வேண்டியது. எங்கள் வளவில் செம்மண் சில அடிதான். அதற்குக் கீழே கல். நான்கு அடி றொட்டைச் சம்மட்டியால் அடித்தால் பாதியில் வளையும். வளைந்ததை வெட்டிவிட்டு மண்ணால் மூடுவதும் நடக்கிறது. ஆடி, ஆவணிக் கோடையில் மேல்மண் காய்ந்துவிட்டால் றொட் நட்டதும் நடாததும் ஒன்றுதான். இதை யாரும் கண்டுபிடிப்பதில்லை என்பதற்கு நல்ல காரணம் இருக்கிறது. 30 மில்லியம்பியர் கசிந்தாலே அறுக்கும் ட்ரிப் சுவிட்ச் வீட்டில் இருக்கும். உடம்புக்கு ஆபத்தான எல்லையாக 50 வோல்ற்றை எடுத்தால், 1,600 ஓம் தடையுள்ள படு மோசமான எர்த்திலும் அது வேலை செய்துவிடும். உயிரைக் காப்பாற்ற அந்த எர்த் போதும். அளவெடுக்கப் போதாது.

அண்ணை கல்லோடு மல்லுக்கட்டவில்லை. கிணற்றடி வாய்க்கால் ஓரமாக, எப்போதும் ஈரம் நிற்கும் இடத்தில் நீளமாக ஒரு கான் வெட்டி, செப்புப் பட்டியைக் கிடையாகத் தாட்டார். ஆழம் போக முடியாத இடத்தில் அகலம் போவது. வழக்கமாகக் குழிக்குள் கரியும் உப்பும் போடுவார்கள், மண் நன்றாகக் கடத்துவதற்கு. ஐயா உப்புக்குச் சம்மதிக்கவில்லை. கிணற்றடியில் உப்பா என்று கேட்டார். அவர் கேட்டது சரி. உப்புக்குப் பயந்து வாழும் குடாநாட்டில் வீட்டுக்கு வீடு உப்பைத் தாட்டுக்கொண்டிருக்கிறோம்; சின்ன அளவுதான் என்றாலும், யோசிக்கும்போது சிரிப்பும் வருகிறது. சுன்னாகம் என்பது எங்கள் முக்கிய நீர்ப்படுகையின் பெயர், எங்கள் மின்நிலையத்தின் பெயரும் அதுதான். அந்தச் சுற்றாடல் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில் மின்னுற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு கொடுக்கவேண்டும் என்று 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்த்தது. கறண்டும் கிணறும் இங்கே பழைய வழக்காளிகள்.

உணரி ஏன் தண்ணீர் இல்லாதபோதும் 4 மில்லியம்பியர் தருகிறது, பூச்சியம் தந்தால் என்ன என்று ஐயாவின் மகள் கேட்டாள். பத்தாம் வகுப்புப் பிள்ளை. தொழிற்சாலைக் கருவிகளில் இது நீண்டகால வழக்கம். கிணறு வற்றினால் 4. வயர் அறுந்தால் 0. இரண்டையும் ஒரே இலக்கத்தால் எழுதினால், அறுந்த வயரை வறட்சி என்று வாசித்துவிடுவோம். பல முனைகளை மாறிமாறி அளக்கும் லொகரில் இன்னும் மோசம்: ஒன்றும் பூட்டாமல் விட்ட முனை பூச்சியம் காட்டாது. சற்று முன் அளந்த பக்கத்து முனையின் மிச்ச ஏற்றம் உள்ளே தங்கிநின்று, அதனுடைய அளவையே இங்கும் காட்டும். வெறும் முனைக்கும் ஒரு தடையைப் போட்டுப் பூச்சியத்தோடு கட்டிவைக்க வேண்டும்.

எங்கள் நாட்டின் புள்ளிவிபரங்களுக்கு இந்த 4 மில்லியம்பியர் இல்லை. 1981இல் குடிசன மதிப்பீடு நடந்தது. 1991இல் நடக்கவில்லை. 2001இல் நடந்தபோது வடக்கில் முழுமையாக எடுக்க முடியவில்லை. அடுத்த முழுக் கணக்கு 2012. நடுவில் 31 வருடம். அந்த இடைவெளியை நேர்கோட்டால் இணைத்து வரைபு கீறுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். போனவர்கள், வந்தவர்கள், இல்லாமற்போனவர்கள் எல்லோரும் அந்த நேர்கோட்டுக்குள். அயல் முனையின் மிச்சத்தை எங்கள் முனையின் அளவு என்று வாசிக்கும் வேலைதான் இது. அதைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறார்கள்.

கிணற்றுக்கும் ஒரு பூச்சியம் வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட்டேன். தண்ணீர் எத்தனை அடியில் என்பதைக் கிணற்றுக் கட்டின் விளிம்பிலிருந்து அளப்பார்கள். விளிம்பு கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பது எங்கோ ஒரு கொப்பியில் எழுதியிருக்கும். போருக்குப் பின் எத்தனை கிணறுகளின் கட்டுகளை உடைத்துப் புதிதாக உயர்த்திக் கட்டினோம்! கட்டு ஓர் அடி உயர்ந்தால், பழைய கொப்பியின் கணக்கில் தண்ணீர் ஓர் அடி கீழே போய்விடும். கைபனின் கணக்குப்படி 40 அடி நன்னீர் தாளில் மறைந்துவிடும். அந்த வளவில் தண்ணீர் அதே இடத்தில்தான் நிற்கும். கொத்தனார் ஒருவர் நான்கு வரி கல் கூட வைத்திருப்பார். இந்த ஐயாவின் கிணற்றுக் கட்டும் புதிது. மாணவர் மட்டக்கருவி கொண்டுவந்து மறுபடி எடுத்தார்.

பிழையோடு பதிந்த பழைய தரவை அழித்துவிடலாமா என்று அவர் கேட்டபோது வேண்டாம் என்றேன். ஊட்டலின் ஊதலைக் கழித்தால் கறண்ட் இல்லாத நேரங்களின் புள்ளிகள் சுத்தமானவை. ஒவ்வொரு மின்வெட்டின் விளிம்பிலும் பிழையின் உயரம் தெரிகிறது. கிளிப் மெல்ல மெல்லப் பூத்திருக்கிறது, பிழையும் மெல்ல மெல்ல வளர்ந்திருக்கிறது. அந்த வளர்ச்சியை அளந்து, கறண்ட் இருந்த நேரத்தின் வாசிப்புகளிலிருந்து கழிக்கலாம். நாட்டையே திட்டவைத்த மின்வெட்டுகள் அந்த ஒரு வரைபுக்கு மட்டும் உதவி செய்தன. மூலத் தரவைத் தொடாமல், அருகே திருத்தியதை ஒரு நிரலாகவும், கறண்ட் உண்டா இல்லையா என்பதை இன்னொரு நிரலாகவும் அவர் வைத்தார்.

திருத்திய வரைபு ஐயாவின் கயிற்றோடு இரண்டு விரற்கடைக்குள் ஒத்துவந்தது. "அப்ப உந்தப் பெட்டி என்னத்துக்கு, கயிறு காணுமே" என்றார். மாணவர் நள்ளிரவுப் பகுதியை விரித்துக் காட்டினார். இறைப்பே இல்லாத நேரத்தில் மட்டம் மெல்ல ஏறி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது, நாளுக்கு இரண்டு முறை. கடல் வற்றிப் பெருகுவது கல்லின் பொந்துகளினூடாக இங்கேவரை வருகிறது. ஐயா கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, உவர் ஏறுவதையும் இது காட்டுமா என்று கேட்டார். காட்டாது, அதற்கு மின்கடத்துதிறன் உணரி வேறாக வேண்டும். அதைக் கொண்டுபோய் இதே தண்ணீருக்குள் இறக்கினால் இரண்டு உணரிகளும் தண்ணீரின் வழியே ஒன்றின் கணக்கில் ஒன்று கைவைக்கும். ஊட்டலைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிப் பூச்சியம் கொடுக்க வேண்டிவரும். மாணவர் அதற்கான விலைகளை விசாரித்துக்கொண்டிருக்கிறார்.